ஓடாத வண்டி வாங்கப் போனேன்

நாற்பத்து நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை கியர் வண்டி வாங்கப் போகிறேன் என்றால் சென்னையில் யாரும் தடுக்க மாட்டார்கள். சிரிப்பார்கள், அவ்வளவுதான். நான் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். விடிவதற்குள் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களின் கையில் ஊசி குத்தி, குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும். ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி என் தொண்டை போனதுதான் மிச்சம். ஆகவே சொந்தமாக ஒரு வண்டி. அதுவும் கியர் வண்டி, அதுவும் பழசு. புது வண்டியில் முதல் கீறல் விழுந்தால் எனக்கு நெஞ்சுவலி வந்துவிடும். பழசு என்றால் அந்தக் கஷ்டத்தையெல்லாம் முன்னாலேயே யாராவது பட்டு முடித்திருப்பார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் பெனிட்டாவுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். என்னைக் கிளப்பிவிட்டவள் அவள்தான். அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறாராம். போவதற்கு முன் ஆசை ஆசையாக ஒரு பைக் வாங்குவார்களாம். லீவில் வரும்போது ஒரு மாதம் ஓட்டுவார்களாம். மற்ற நாளெல்லாம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அது நின்ற இடத்திலேயே நிற்குமாம். “பாக்கத்தான் பழசு. உள்ள புதுசு மாதிரி இருக்கும். கல்ஃப் வண்டின்னே அதுக்குப் பேரு,” என்றாள். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. எல்.எல்.ஆர். அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் போய் இறங்கினேன்.

பெனிட்டாவின் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கராஜ் அங்கே பழைய வண்டித் தரகர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை. வண்டி எங்கே அண்ணே என்று கேட்டேன். பஸ்ஸைக் காட்டினார். ஊருக்கெல்லாம் வண்டி பிடித்துக் கொடுக்கிறவரிடம் சொந்தமாக ஒரு மொபெட் கூட இல்லை.

“போவும்போ பஸ்ஸு, வரும்போ வண்டி. நம்ம தொழில் அப்பிடியாக்கும்,” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். விலை படிந்ததும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாங்கியவர் வாசலில் விடுவது அவர் பொறுப்பு. போகும்போதே ஒரு வண்டியில் போனால் அதை எங்கே விட்டுவிட்டு வருவது? வியாபாரம் படியாத அன்று மட்டும் இரண்டு பக்கமும் பஸ்தான். அப்படிப்பட்ட நாட்கள் குறைவு என்று சொல்லி, ஜன்னல் ஓரம் எனக்குத்தான் என்றார்.

பஸ் ஏறுமுன் ஒரு கடையில் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டோம். அதோடு ஒரு பழம் வேண்டும் என்றேன். என்ன பழம் என்றார் கடைக்காரர். வாழைப்பழம் என்றேன். அவர் தலைக்கு மேல் தொங்கிய குலைகளை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பாவமாகப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, விரல் அளவு, முழங்கை அளவு என்று அங்கே ஒரு கூட்டமே தொங்கிக்கொண்டிருந்தது. தங்கராஜ் அண்ணன் தலையிட்டு எனக்கு மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்தார். சின்னதாக, தேன் மணத்தோடு இருந்தது. நான் நாலு தின்றேன்.

முதல் வண்டி அஞ்சுகிராமத்தில். கிழக்கே போகப் போக மரங்கள் குறைந்து வானம் பெரிதாகிக்கொண்டே போனது. காற்றாலைகள் வரிசையாகச் சுற்றின. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தங்கராஜ் அண்ணனின் குடை மடங்கி மேல்நோக்கி நின்றது. அதைச் சரிசெய்கிறேன் என்று நான் பிடித்து இழுத்ததில் ஒரு கம்பி என் கையோடு வந்துவிட்டது. அவர் கம்பியை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தார். சென்னைக்காரர்களோடு அவருக்கு முன்பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

துபாயில் இருக்கும் மகனின் வண்டியை அப்பா காட்டினார். நெற்றியில் ஐயாவழி நாமம், தோளில் துண்டு, நல்ல கம்பீரமான மனிதர். அவன் வைத்துவிட்டுப் போன இடத்தை விட்டு வண்டி நகரவில்லை என்றார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கம்பியில் பெயிண்ட் உரிந்து, கயிறு உராய்ந்த தடம் இரண்டு பக்கமும் ஆழமாக ஓடியது. வாழை நாரின் பிசிர்கூட ஒட்டியிருந்தது. நான் அதைக் கவனிப்பதை அவரும் கவனித்தார். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்று, நாளைக்குக் குலை கொண்டுபோக வண்டி கிடைக்குமா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். பெரியவர் துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பிறகு, பேச்சை மாற்றவோ என்னவோ, வண்டி யாருக்கு என்று விசாரித்தார். எனக்குத்தான் என்றேன். “ஸ்கூட்டி எடுத்தா போராதா மக்கா?” என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். கோபப்பட முடியவில்லை. மோர் கொடுத்தார், குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

மறுநாள் களியக்காவிளை. அது நேர் எதிர் திசை. ஊர் முழுக்க ஒரே நெடுஞ்சாலை, ஒரே ஹாரன். பாதிக் கடைப் பலகை தமிழ், பாதி மலையாளம். சென்னையில் பாரிமுனை நெரிசலில் பழகியவள் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அதைக் களியக்காவிளையில் இறக்கி வைத்தேன். கோழி லாரி, காய்கறி லாரி, நகைக்கடை விளம்பர வேன், இடையிடையே மனிதர்கள்.

ரோட்டோரம் ஒரு பழைய வண்டிக் கடை. வரிசையாக முப்பது வண்டியாவது நின்றிருக்கும். எதைக் கேட்டாலும் கல்ஃப் வண்டி என்றார்கள். இத்தனை பேர் வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தால் விமானத்தில் இடமே கிடைத்திருக்காது. நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒரு வண்டியின் பெட்ரோல் டேங்கை விரலால் தேய்த்தபோது புதுப் பெயிண்ட் நகத்தோடு வந்தது. கடைக்காரரின் ஆள் ஒருவர் போனில் யாரிடமோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியாது என்ற தைரியம். ஆனால் மலையாளி நர்ஸுகளோடு பழகிய எனக்குக் கொஞ்சம் புரியும், தமிழர்களைப் பாண்டி என்பார்கள் என்பதும் தெரியும். அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: ‘பாண்டிக்காரி ஒருத்தி வந்திருக்கா. கேக்குற கேள்வியைப் பாத்தா வண்டி வாங்க வந்தவ மாதிரி இல்ல, மகனுக்குப் பொண்ணு பாக்க வந்தவ மாதிரி இருக்கு.’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அது தொழில் அவமானம்.

அங்கேயும் அதே கேள்வி வந்தது, மலையாள வாடையோடு. சேச்சிக்கு ஒரு ஸ்கூட்டி போதாதோ. முதல் நாள் பொறுத்தேன். இந்தத் தடவை, உங்கள் வீட்டில் மிக்ஸி இருக்கிறதா, அம்மி போதாதோ என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோபத்திலேயே விடுவிடுவென்று நடந்து, நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தங்கராஜ் அண்ணன் பின்னால் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். கண்டக்டர் வந்து மலையாளத்தில் எங்கே என்று கேட்ட பிறகுதான் பஸ் திருவனந்தபுரம் போகிறது என்று தெரிந்தது. பாறசாலையில் இறக்கிவிட்டார். ஒரு மாநிலத்தைத் தாண்டிவிட்டேன், பாஸ்போர்ட்டும் இல்லை, வண்டியும் இல்லை. வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே பழம்பொரியும் சாயாவும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். களியக்காவிளையில் தங்கராஜ் அண்ணன் கம்பி போன குடையோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பொறுமையைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. இதோடு போதும், ஊருக்குப் போகிறேன் என்றேன். ஒரே ஒரு வண்டி பாக்கி இருக்கிறது, இது உண்மையிலேயே அசையாத வண்டி, உரிமையாளர் குவைத்தில் இருந்து அவரே கூப்பிட்டு விற்கச் சொல்லியிருக்கிறார், பேப்பரெல்லாம் போன லீவிலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார் என்று தங்கராஜ் அண்ணன் கெஞ்சாத குறை. குலசேகரம் போனோம். ஊர் நெருங்க நெருங்க ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்று வெயிலை மறைத்தன. பஸ்ஸுக்குள்ளேயே குளிர்ந்தது. இறங்கி, ஒரு சரிவான செம்மண் பாதையில் மேலே நடந்தோம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. என் செருப்பு இரண்டு தடவை மண்ணிலேயே தங்கிவிட்டது.

வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகள், துவைத்த துண்டுகளைப் போலக் கொடியில் வரிசையாகத் தொங்கின. அந்த நாற்றம் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். உரிமையாளர் எட்வினின் மனைவி ஷைலா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள், புடவை மாற்றவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். எங்களைப் பார்த்து அவள் முகம் மலரவில்லை என்பதை அப்போதே கவனித்தேன்.

தார்ப்பாயை விலக்கினாள். கறுப்பு வண்டி. நூறு சிசி. டேங்க்கில் ஒரு சிவப்புக் கோடு மட்டும். பழசுதான், ஆனால் துடைத்துத் துடைத்து மினுங்கியது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதுதான், இதில்தான் நான் விடிகாலையில் அடையாறு முழுக்கச் சுற்றப் போகிறேன் என்று மனசு சொல்லிவிட்டது.

ஆனால் ஷைலா பேசியது விசித்திரமாக இருந்தது. மைலேஜ் கிடைக்காது என்றாள். சீட் சரியில்லை என்றாள். மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாது, சவுட்டிச் சவுட்டிக் கால் போய்விடும் என்றாள். உதைப்பதற்கு அங்கே சவுட்டுவது என்கிறார்கள். வண்டியின் குறைகளை வாங்க வருகிறவன் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். விற்கிறவர் வீட்டில் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். தங்கராஜ் அண்ணன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

நான் வழக்கம்போலக் குனிந்தேன். பின்பக்கக் கேரியரின் அடியில், துடைக்கும் கை எட்டாத இடத்தில், வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன். ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு வந்தது. ரப்பர் பால். நகராத வண்டியில் எப்படிப் பால் சிந்தும் என்று நான் நிமிர்ந்தபோது ஷைலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயா போடுகிறேன், உள்ளே வாருங்கள் அக்கா என்று என்னை மட்டும் கூப்பிட்டாள்.

அடுப்பு மூட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பால் வெட்டி எடுக்கிற ரப்பர் மரங்கள் வீட்டுக்கு மேலே சரிவில் இருக்கின்றன. முதலில் பால் வாளியைத் தலையில் சுமந்து இறங்கினாள். இடுப்பு விட்டுப்போனது. ஒருநாள் யாரும் இல்லாதபோது வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினாள். இப்போது நாலு வருஷமாக இந்த வண்டிதான் அவளுக்குக் கை கால் எல்லாம். லைசென்ஸ் கூட எடுத்தாயிற்று. எட்வினுக்கு மட்டும் தெரியாது. மீட்டர் வயரை முதல் நாளே கழற்றிவிட்டதால், லீவில் வந்தவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இந்தச் சரிவில் பெண்பிள்ளைகள் கியர் வண்டி எடுக்கக்கூடாது என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனவர் அவர். வேண்டுமானால் ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்கிறார். ஸ்கூட்டி இந்த மேட்டில் ஏறவும் செய்யாது, பால் வாளியோடு இறங்கவும் செய்யாது என்பது இங்கே இருக்கிற ஆட்டுக்குட்டிக்குக் கூடத் தெரியும்.

ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் அவர் வீடியோவில் வருவார். அவள் தார்ப்பாயை விலக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் பக்கத்தில் போனைப் பிடிப்பாள். அவர் சத்தத்தைக் கேட்பார். ஓடாமல் நின்றால் வண்டி கெட்டுவிடும் என்று அவர் ஏற்படுத்திய பழக்கம். அதற்காகவே அவள் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைத்து மூடி வைப்பாள். ஞாயிறு போனை வைத்ததும் தார்ப்பாய் விறகுப்புரைக்குப் போய்விடும். ஹெல்மெட் இருப்பதும் அங்கேதான்.

“ஊரே அறியும் அக்கா. குவைத்து மட்டும் அறியாது,” என்றாள். “சும்மா நின்னு துருப்பிடிக்கதுக்கு வித்திரலாம்னு அவரு சொல்லும்போ நான் என்ன சொல்லது? ஓடல, ஓடலன்னு சொன்னதும் நான்தானே.” சாயாவை என் கையில் கொடுத்தாள். “நீங்க வேண்டாம்னு சொல்லிருவியளா?”

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், மறைக்க விரும்பவில்லை. மூன்று நாள் பஸ்ஸில் அலைந்து, கடைசியில் மனசுக்குப் பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்தால், அதையும் வேண்டாம் என்று சொல்லவேண்டுமாம். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் காய்ப்பு ஏறியிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வாரம் இன்னொருத்தன் வருவான் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும், இந்த ஒரு தடவையாவது தப்பட்டும் என்று தலையாட்டினேன்.

போன் வந்தது. எட்வின் வேலைக்கு நடுவே, தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்தார். நல்ல சிரித்த முகம். ஷைலா வண்டியில் ஏறாமல், பக்கத்தில் நின்றபடியே ஒரு உதை விட்டாள். ஒரே உதை. மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாத வண்டி பட்டென்று பற்றிக்கொண்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். எனக்கே அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது. பிறகு என்னிடம், வண்டி எப்படி அக்கா என்றார்.

எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்த சொற்கள் மொத்தமே ஏழோ எட்டோ. அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். கிளட்ச் சரியில்லை தம்பி, வேண்டாம் என்றேன்.

“ஓடாத வண்டிக்க கிளச்சு எப்பிடிக்கா தேயும்?” என்றார் எட்வின். கோபமில்லை, ஆச்சரியம்தான். ஒரு தடவை ஏறி ஓட்டிக் காட்டுங்கள், சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன் என்றார். தங்கராஜ் அண்ணன், வியாபாரம் படியும் நம்பிக்கையில், போனை வாங்கி உயரமாகப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னது நான். ஏறாமல் இருக்க வழியில்லை.

சென்னையில் நான் பழகியது பள்ளிக்கூட மைதானம். மேசை மாதிரி சமதளம். இங்கே வாசலே சரிவு. முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. அணைந்ததோடு நிற்காமல், என்னையும் சுமந்துகொண்டு பின்பக்கமாக உருளத் தொடங்கியது. பின்னால் கிணறு. கைப்பிடிச் சுவர் இருந்தது என்று பிறகுதான் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது கிணறு மட்டும்தான். கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்து இறுக்கினேன். முன் சக்கரம் மண்ணில் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

ஷைலா புடவையோடு பாய்ந்து வந்து கேரியரைப் பிடித்தாள். “முன்னத்த பிரேக்க விடுங்க அக்கா, பின்னத்தத சவுட்டுங்க. கிளச்ச விடுங்க, கியருலயே நிக்கட்டு.” சவுட்டினேன். நின்றது. அவள் என் கைக்கு மேலாகக் கையை நீட்டி, பார்க்காமலேயே சாவியைத் திருப்பினாள். மூச்சிரைக்க, என்மேல் வந்த கோபத்திலேயே மேலும் சொன்னாள். “இந்த மண்ணுல அப்பிடி எடுக்கப்பிடாது. பாதிக் கிளச்சுல பிடிச்சு நிப்பாட்டி, பைய விடணும். நான் தெனமும்...”

அவ்வளவுதான், நிறுத்திக்கொண்டாள். தங்கராஜ் அண்ணன் கையில் போன் அப்படியே உயரமாக இருந்தது.

“ஏட்டி,” என்றது போன். “தெனமும் என்னது?”

ஷைலா கையைப் புடவையில் துடைத்தாள். போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் வண்டியை விட்டு இறங்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

“தெனமும் நானாக்கும் ஓட்டுகேன்,” என்றாள். “பால் கொண்டு எறங்கதும் இதுல, ஷீட்டு கடைக்குக் கொண்டு போவதும் இதுல. ஒங்க அம்மைக்கு மூச்சு முட்டினப்போ ஆட்டோல கொண்டு போனேன்னு சொன்னது பொய்யி. இதுலதான் கொண்டு போனேன். இத வித்தா நான் பழையபடி சொமக்கணும். விக்கண்டாம்.”

எட்வின் முகத்தில் சிரிப்பு இல்லை. திரை கறுத்துவிட்டது.

தங்கராஜ் அண்ணனுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இனி பஸ்தானே, நான் முன்னால் போய் நிற்கிறேன் என்று சொல்லி, ரோட்டில் வந்த ஒரு சரக்கு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஷைலா என்னை விடவில்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் பரிமாறினாள். அப்படி ஒரு கறியை நான் சென்னையில் எந்தப் பெரிய ஹோட்டலிலும் சாப்பிட்டதில்லை. ஆனால் இரண்டு பேர் கண்ணும் மேசை மேலிருந்த போனிலேயே இருந்தது.

என்ன செய்வார் என்று கேட்டேன். “சத்தம் போட்டா பரவாயில்ல அக்கா. மிண்டாம இருந்தாத்தான் பயமாட்டு இருக்கும்,” என்றாள். முன்னால் ஒரு சண்டையில் பேசாமல் இருந்தவர், மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டாராம். பணம் மட்டும் தவறாமல் வருமாம். கிளட்ச் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் தார்ப்பாயைச் சுருட்டி வைத்திருப்பாள். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி கறி விட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடுகிறேன் என்று எழுந்தாள். விறகுப்புரையிலிருந்து ஹெல்மெட் வந்தது. சர்ச் புடவையிலேயே ஏறினாள். போனை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் வாங்க வந்த வண்டியின் பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். என்னைப் பாதாளத்துக்குக் கொண்டுபோகப் பார்த்த அதே சரிவில் அவள் வண்டியை எடுத்த விதத்தில், என் மடியிலிருந்த பை கூட அசையவில்லை. எதிரே வந்த இரண்டு பெண்கள் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, தார்ப்பாய் எங்கே ஷைலா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ரோடு வளைந்து கீழே இறங்கும் இடத்தில் போன் அடித்தது. குவைத். அவள் தோளைத் தட்டிக் காட்டினேன். ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாளாம், நீங்களே பேசுங்கள் என்றாள். இந்த மாதிரி நேரத்தில்கூடவா என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. எடுத்தேன்.

ஷைலா வண்டி ஓட்டுகிறாள், நான் பின்னால் இருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரச் சத்தம், அதற்கு நடுவே மூச்சுச் சத்தம். பிறகு, “வண்டி ஒங்களுக்குத் தர முடியாது, கேட்டியளா அக்கா. தப்பா நெனைக்காதிய,” என்றார். நினைக்கவில்லை தம்பி என்றேன். நிஜமாகவே நினைக்கவில்லை. எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், இரண்டு பக்கமும் ரப்பர், நடுவில் இறக்கம் என்றேன்.

“அந்த எறக்கத்துல செகண்டு கியருலதான் போவணும். அவகிட்ட சொல்லுங்க.”

காற்றுக்கு மேலே கத்திச் சொன்னேன்.

“நாலு வருசமாட்டு செகண்டுலதான் எறங்குகேன்னு சொல்லுங்க,” என்றாள் ஷைலா.

அதையும் அப்படியே சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இருந்தது.

“நாலு வருசம் ஓடியிருந்தா,” என்றார் எட்வின் நிதானமாக, “பின் டயரு மொட்டையாயிருக்கும். நாளைக்கே மாத்தச் சொல்லுங்க.”

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாகக் குனிந்து பார்த்தேன். வழவழவென்று மொட்டைதான். மூன்று நாளாக வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்தவள் நான், அதை மட்டும் பார்க்கவில்லை.